வனத்துறையின் பழைய காகிதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

தமிழ்நாடு வனத்துறையின் வரலாறு பற்றியும், அதன் பழைய ஆவணங்களைத் தேடிப் படிப்பது பற்றியும் வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வனத்துறை 1856-ல் தொடங்கியது என்கிறார்கள். சிலர் 1882 என்கிறார்கள். ஒரு கட்டுரையில் 1806 என்று பார்த்தேன். எது சரி? வன உயிரினப் பாதுகாப்பு இதில் எப்போது சேர்ந்தது?
— வாசகர், கோவை

மூன்றுமே சரிதான். மூன்றும் வெவ்வேறு விஷயங்களின் ஆண்டுகள்.

1806-ல் மலபார்ப் பக்கத்துத் தேக்குக்காகக் கேப்டன் வாட்சன் என்பவர் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். கப்பல் கட்ட மரம் வேண்டும், அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி மட்டுமே வெட்ட வேண்டும் என்பதுதான் அவருக்கு இட்ட வேலை. மர வியாபாரிகளும் நிலவுடைமையாளர்களும் கொதித்தார்கள். 1823-ல் ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். பிறகு 1848 முதல் ஆனைமலைத் தேக்குக் காடுகளை லெப்டினன்ட் ஜேம்ஸ் மைக்கேல் கவனித்தார். அந்த மரமும் பம்பாய்க் கப்பல் துறைக்குத்தான் போனது.

1856-ல் மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரானார். மாகாணம் முழுவதற்கும் ஒரு துறை, கீழே அலுவலர்கள், ஆண்டுதோறும் அறிக்கை என்ற ஒழுங்கு அவரிடமிருந்து தொடங்குகிறது. துறையின் பிறந்த ஆண்டாக 1856-ஐச் சொல்வது இதனால்தான். அப்போதைய நெருக்கடி ரயில்வே. தண்டவாளத்துக்குக் கீழே போடும் ஸ்லீப்பர் கட்டைக்கும், என்ஜினில் எரிக்கும் விறகுக்கும் காடு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது.

1882 சட்டத்தின் ஆண்டு. 1878-ல் வந்த இந்திய வனச் சட்டத்தைச் சென்னை மாகாணம் ஏற்கவில்லை. இங்கே காடு என்பது ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள்ளேதான் இருக்கிறது, ஊராருக்கு உரிமை இல்லாத காடு அநேகமாகக் கிடையாது என்பது வருவாய் வாரியத்தின் நெடுநாள் வாதம். இந்திய வனத்துறையின் தலைமை ஆய்வாளர் டீட்ரிக் பிராண்டிஸ் நேரில் வந்து பேசி முடித்த பிறகுதான் சென்னை வனச் சட்டம், 1882 நிறைவேறியது. பெயரில் மட்டும் ‘தமிழ்நாடு’ சேர்ந்து அதே சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. வாரியம் தயங்கியதால் கிடைத்த பலன் ஒன்று உண்டு. உரிமை கோருவோரை விசாரித்து எழுதி வைத்த காகிதங்கள் இங்கே ஏராளம். அடுத்த பதிலில் அவைதான் வேலை செய்யப் போகின்றன.

வன உயிரினம் இந்தத் துறைக்குள் வந்தது ஒரே நாளில் நடந்ததல்ல. 1873-ல் காட்டு யானைகளைக் காக்க மாகாணச் சட்டம் வந்தது. யானை சுமை இழுக்கும் பிராணி என்பதால் அந்த அக்கறை. 1879-ல் நீலகிரிக்கு மட்டும் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே வேட்டைக்காரர்களே சங்கம் அமைத்திருந்தார்கள். சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டுமே! முதுமலை 1940-ல் சரணாலயமானது. 1972-ல் மத்திய அரசின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே விலங்குகளுக்கென்று ‘தலைமை வன உயிரினக் காப்பாளர்’ என்ற சட்டப் பதவி உறுதியானது. 1976-ல் காடும் வன உயிரினமும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலுக்கு மாறின.

ஆகவே 1972-க்கு முந்தைய கோப்பை எடுத்தால் அது மரம், வருமானம், எல்லை, தண்டனை இவற்றில் எதற்காக எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். விலங்கு அதில் ஓரமாகத்தான் வரும்.

கேள்வி: எங்கள் ஊர் மலையடிவாரத்தில் எங்கள் பட்டா நிலத்தின் ஒரு பகுதி காப்புக்காட்டுக்குள் வருகிறது என்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய அறிவிக்கையைக் காட்டுகிறார்கள். அதை நாங்களே தேடிச் சரிபார்க்க முடியுமா?
— வாசகர், தருமபுரி மாவட்டம் (தேனி, திருவண்ணாமலை வாசகர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள்)

முடியும். ஆனால் அறிவிக்கை என்று ஒரே ஒரு தாள் இருப்பதாக நினைத்துத் தேடாதீர்கள். குறைந்தது மூன்று உண்டு.

முதலாவது, சட்டப் பிரிவு 4-ன் கீழ் வருவது. ‘இன்ன நிலத்தைக் காப்புக்காடாக்க அரசு கருதுகிறது’ என்று மட்டும் அது சொல்லும். எல்லை உத்தேசமாக இருக்கும். வன நிர்ணய அலுவலர் யார் என்பதும் அதிலேயே இருக்கும். இரண்டாவது, அந்த அலுவலர் பிரிவு 6-ன் கீழ் ஊரில் தமுக்கடித்தும் மாவட்ட அரசிதழில் போட்டும் வெளியிடும் பிரகடனம். உரிமை கோருவோருக்கு மூன்று மாதத்துக்குக் குறையாத கெடு இதில்தான் இருக்கும். மூன்றாவது, எல்லா விசாரணையும் முறையீடும் முடிந்தபின் பிரிவு 16-ன் கீழ் வரும் இறுதி அறிவிக்கை. காப்புக்காடு பிறப்பது இந்த மூன்றாவதில்.

பலருக்குக் கையில் கொடுக்கப்படுவது பிரிவு 4 அறிவிக்கையின் நகல். அதை வைத்து ‘நிலம் காடாகிவிட்டது’ என்றும் சொல்ல முடியாது, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்றும் சொல்ல முடியாது. பிரிவு 4 வந்த நாளிலிருந்தே புதிய உரிமை உண்டாக்குவதற்கும் காடு திருத்துவதற்கும் தடை உண்டு. ஆனால் உங்கள் பாட்டனாரின் உரிமைக் கோரிக்கை ஏற்கப்பட்டு அந்தத் துண்டு இறுதி எல்லையிலிருந்து விடப்பட்டிருக்கலாம். காட்டுக்குள்ளேயே தனித் தீவாக ஒதுக்கப்பட்டிருக்கலாம். 4-க்கும் 16-க்கும் இடையில் பரப்பு குறைந்திருக்கிறதா என்று ஏக்கர் கணக்கை ஒப்பிட்டாலே சந்தேகம் எங்கே என்று தெரிந்துவிடும்.

தேடும் வரிசை இது:

முதலில் மாவட்ட வன அலுவலகத்தில் அந்தக் காப்புக்காட்டின் பெயர், பிரிவு 16 அறிவிக்கையின் எண், நாள், அரசாணை எண் நான்கையும் கேட்டு வாங்குங்கள். காப்புக்காடுகளின் பதிவேடு ஒவ்வொரு கோட்டத்திலும் உண்டு. கோட்டத்தின் செயல் திட்டத்திலும் (வொர்க்கிங் பிளான்) பின்னிணைப்பாகக் காப்புக்காடுகளின் பட்டியல் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம். 1909-ல் கட்டிய சிவப்புக் கட்டடம். அங்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ் தொகுதிகள், மாவட்ட அரசிதழ்கள், வருவாய்த் துறை அரசாணைகள், வருவாய் வாரியத்தின் வன நடவடிக்கைகள் எல்லாம் ஆண்டு வாரியாக இருக்கின்றன. அடையாள அட்டை, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்ற கடிதம், விண்ணப்பம் ஆகியவற்றோடு போங்கள். நாளும் எண்ணும் கையில் இருந்தால் அரை நாள் வேலை. வெறும் ஊர்ப் பெயரோடு போனால் அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டியே நாள் போய்விடும்.

அட்டவணையில் தேடும்போது தடுக்கி விழும் இடம் இரண்டு. ஒன்று, மாவட்டம். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரிக்குள். ஈரோடு 1979 வரை கோவைக்குள். திண்டுக்கல் 1985 வரை மதுரைக்குள். ஜவ்வாது மலையைத் தேடுபவர் வட ஆற்காட்டைப் புரட்ட வேண்டும். கூடலூர்க்காரர் 1877-க்கு முன்பு என்றால் நீலகிரியில் அல்ல, மலபாரில் தேட வேண்டும். இன்னொன்று, எழுத்துக்கூட்டல். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ என்று இருக்கும். மலை, ஓடைகளின் பெயர்கள் எழுதிய துரையின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி இருக்கும். ஒரே ஊரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். எனவே தாலுகா பெயரில் போய் அங்கிருந்து கிராமத்துக்கு இறங்குங்கள்.

இறுதி அறிவிக்கை கிடைத்ததும் அதில் ‘எல்லை விவரம்’ என்ற பகுதியைப் பாருங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று ஒவ்வொரு பக்கமாக, கற்குவியல் எண், புல எண், ஓடை, முகடு என்று நடந்து போவதுபோல எழுதியிருக்கும். இதை வரைபடத்தில் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டே படியுங்கள். பழைய வனப் படங்கள் பல, மைலுக்கு நான்கு அங்குல அளவில் வரைந்தவை. இப்போதைய 1:50,000 படத்தின்மேல் அப்படியே வைத்தால் பொருந்தாது. ஓடை இடம் மாறியிருக்கும். கற்குவியல் சரிந்து, யாரோ பத்தடி தள்ளித் திரும்ப அடுக்கியிருப்பார்கள். விவாதம் வரும்போது எழுத்தில் உள்ள எல்லை விவரத்தையும் அதோடு சேர்ந்த படத்தையும் ஒன்றாகத்தான் வாசிக்க வேண்டும்.

பெரும்பாலான சண்டைகளின் வேர் புல எண். அறிவிக்கையில் இருப்பது பழைய புல எண். 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்கள் பல இடங்களில் மாறின, உட்பிரிவுகள் கூடின. இன்றைய பட்டாவில் உள்ள 112/3-ஐ அறிவிக்கையில் உள்ள 112-ஓடு பொருத்திப் பார்ப்பது வீண் வேலை. வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய எண்–புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியல், அ பதிவேடு, புலப்படம் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். கூடவே, திட்டத்துக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் பகுதியும் வேண்டும். அதில் அந்தப் பழைய எண்ணுக்கு எதிரே ‘காப்புக்காடு’ என்று குறித்திருக்கிறதா, ‘தரிசு’ என்றா, பட்டாதாரர் பெயரா என்பதே முதல் விடை.

ஜமீன் காடாக இருந்த இடம் என்றால் 1880-களில் அறிவிக்கை தேடிப் பயனில்லை. 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், 1949-ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்குப் பிந்தைய கோப்புகளைப் பார்க்க வேண்டும். சிங்கம்பட்டி ஜமீன் காடு அப்படித்தான் 1952-ல் அரசிடம் வந்தது. அதற்குள் 1929-லேயே 8,000 ஏக்கருக்கு மேல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிருந்தது. கூடலூரின் ஜென்ம நிலங்கள் (ஜென்மி எனும் பரம்பரை நிலவுடைமையாளர்களுக்கு உரியவை) வேறு கதை, அவற்றுக்கு 1969-ன் தனிச் சட்டம்.

ஒரு எச்சரிக்கை: பிரிவு 26-ன் கீழ் உள்ள ‘காப்பு நிலம்’ வேறு, பிரிவு 16-ன் ‘காப்புக்காடு’ வேறு. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடும். காகிதத்தில் பிரிவு எண்ணைப் பார்த்துவிட்டு வாதாடுங்கள்.

கேள்வி: மாவட்ட வன அலுவலகத்தில் 1970-களின் கோப்பு ஒன்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரிப் பதில். நம்பலாமா?
— வாசகி, திண்டுக்கல்

நம்பவும் இடம் உண்டு, சரிபார்க்கவும் வழி உண்டு.

மாவட்ட அளவில் கோப்பை முடிக்கும்போதே அதற்கு ஆயுள் எழுதிவிடுவார்கள். பழைய அலுவலக நடைமுறையில் ஆர்.டிஸ். என்று முடித்தது நிரந்தரம். டி.டிஸ். பத்து ஆண்டு. கே.டிஸ். மூன்று ஆண்டு. எல்.டிஸ். ஓராண்டு. என்.டிஸ். என்றால் மூலத்தையே அனுப்பியவருக்குத் திருப்பிவிட்டார்கள், இங்கே ஒன்றும் தங்காது. உங்களிடம் உள்ள கடிதத்தில் ந.க. (நடப்புக் கணக்கு) எண்ணுக்குப் பதிலாகவோ பக்கத்திலோ இந்த எழுத்துகளில் ஒன்று இருக்கும். 1974-ல் யானை புகுந்து பயிரை அழித்ததற்கு ஒருவர் கொடுத்த மனு கே.டிஸ்.-ல் முடிந்திருந்தால் அது 1977-க்குப் பிறகு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. இந்த வகையில்தான் மனித–விலங்கு மோதலின் அடித்தட்டுக் காகிதங்கள் மொத்தமாகப் போய்விட்டன. எல்லை, குத்தகை, நில மாற்றம் தொடர்பானவை நிரந்தரக் கட்டில் இருக்க வேண்டியவை. அவற்றை ‘அழித்துவிட்டோம்’ என்றால் விடக்கூடாது.

அடுத்த மனு இப்படி இருக்கட்டும். கோப்பைக் கேட்காதீர்கள். அந்த ஆண்டின் தன் பதிவேட்டில் (எழுத்தர் தம்மிடம் வரும் கடிதங்களைப் பதியும் ஏடு) அந்த ந.க. எண்ணுக்கு உரிய பக்கத்தின் நகலும், கோப்பு எந்த டிஸ்போசலில் (மேலே சொன்ன முடிப்பு வகைகளில் எதில்) முடிந்தது என்பதும், அழித்த நாள், அழிக்க உத்தரவிட்டவர் பதவி உள்ள பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் கேளுங்கள். ‘ஏன் அழித்தீர்கள்?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ‘நகல் தருக’, ‘நேரில் பார்வையிட அனுமதி தருக’ இரண்டும்தான் வேலைக்கு ஆகும் வாக்கியங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். சாதாரண அளவுத் தாளுக்குப் பக்கம் இரண்டு ரூபாய். 30 நாள் கெடு. தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

‘இரகசியம்’ என்று தட்டினால் பிரிவு 8(3)-ஐ மேற்கோள் காட்டுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு அந்தச் சட்டத்தின் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது. நாட்டுப் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதம் இவை மட்டுமே மீதி. 1970-களின் வனக் கோப்பில் இவை எதுவும் இருக்க வாய்ப்பு குறைவு.

இன்னொரு வழியும் உண்டு. மாவட்டத்தில் அழிந்த கடிதத்தின் மறுநகல் மேலே போயிருக்கும். மண்டல அலுவலகம், சென்னைத் தலைமையகம், தலைமைச் செயலகத் துறை என்று ஒரே விஷயம் மூன்று நான்கு இடங்களில் கோப்பாகும். அரசாணை (நிலை) என்று வந்திருந்தால் அது நிலைத்த ஆவணம். அதன் பின்னால் உள்ள கோப்பை ஆவணக்காப்பகத்தில் தேடலாம்.

கேள்வி: தாத்தா 1950-களில் உரிமத்தோடு சுட்ட காட்டெருமைத் தலையும் இரண்டு ஜோடி மான் கொம்பும் வீட்டில் இருக்கின்றன. ஷூட்டிங் பர்மிட்டும் இருக்கிறது. அது போதாதா?
— வாசகர், உதகை

போதாது.

பர்மிட், சுட்ட நாளில் அது குற்றமல்ல என்பதற்குச் சான்று. 1972 சட்டத்துக்குப் பிறகு அந்தப் பொருளை வைத்திருக்க வேறொரு காகிதம் வேண்டும்: தலைமை வன உயிரினக் காப்பாளர் பிரிவு 42-ன் கீழ் தரும் உடைமைச் சான்றிதழ். சட்டம் நடப்புக்கு வந்தபோது இருப்பை அறிவிக்க 30 நாள் அவகாசம் இருந்தது. தவறவிட்டவர்களுக்கு 2003-ல் 180 நாள் இன்னொரு முறை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பொதுவான அவகாசம் இல்லை.

தாத்தா பெயரில் சான்றிதழ் இருந்தால் வாரிசாக நீங்கள் பெறலாம்; பெற்ற 90 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விற்கவோ விற்பதாக விளம்பரம் செய்யவோ கூடாது. வேறு மாநிலத்தில் வீடு மாறி எடுத்துப் போனால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சான்றிதழைக் கையில் வைத்து ஒருமுறை பொருளோடு ஒப்பிடுங்கள். கொம்பின் நீளம், எண்ணிக்கை, புகைப்படம் எல்லாம் அப்படியே இருக்கிறதா? ‘பாலிஷ்’ போடக் கடைக்கு அனுப்பி ஒரு ஜோடி குறைந்து வந்த வீடுகள் உண்டு. சான்றிதழில் இரண்டு, சுவரில் ஒன்று என்றால் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள்.

வைத்திருக்க விருப்பமில்லையென்றால், சான்றிதழ் உள்ளவர் ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்கலாம். 2022 திருத்தம் அதற்கு வழி செய்திருக்கிறது. இழப்பீடு கிடையாது. சான்றிதழே இல்லையென்றால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பிறகு மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விவரம், அளவு, புகைப்படம், பழைய பர்மிட்டின் நகல் கொடுத்து ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குவதே நல்லது. இரவோடு இரவாகக் குப்பையில் போடுவதும் எரிப்பதும் பெரிய வம்பு. காட்டில் தானாக உதிர்ந்த மான் கொம்பைப் பொறுக்கி வருவதும் குற்றமே. மயில் தோகைக்கு மட்டும் உள்நாட்டில் விலக்கு உண்டு.

அந்தப் பர்மிட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள். எந்தப் பிளாக், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த விலங்கு எத்தனை என்று அதில் இருக்கும். அந்தக் காலத்தில் அந்தக் காட்டில் என்ன இருந்தது என்பதற்கு, ஆண்டறிக்கையைவிட நேரடியான தடயம் அது. அமிலமில்லாத காகித உறையில், மடிக்காமல் வையுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் புலிகள் 2006-ல் 76, 2022-ல் 306. நான்கு மடங்கு பெருகிவிட்டன என்று எழுதலாமா? 1900-ல் எத்தனை இருந்தன?
— வாசகர், சத்தியமங்கலம்

எண்கள் சரி. இடையில் 2010-ல் 163, 2014-ல் 229, 2018-ல் 264. பெருகியது உண்மை, ‘நான்கு மடங்கு’ என்று எழுதுவது மட்டும் சரியல்ல.

2006-க்கு முன் கால்தட எண்ணிக்கை. புலியின் பின்னங்கால் தடத்தைக் கண்ணாடித் தகடு வைத்து வரைந்து, ஒவ்வொரு தடமும் யாருடையது என்று ஆள் கண்ணால் முடிவு செய்த முறை. மணலில் பதிந்த தடமும் சேற்றில் பதிந்த தடமும் ஒரே புலியுடையதாக இருந்தாலும் வேறாகத் தெரியும். 2006-லிருந்து தானியங்கிக் கேமரா, உடல் வரிகளை வைத்து அடையாளம், பிறகு புள்ளியியல் மதிப்பீடு. அப்போதும் ஒவ்வொரு சுற்றிலும் கேமரா வைத்த பரப்பு கூடிக்கொண்டே வந்தது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகமானதே 2013-ல். ஆக, கூடிய எண்ணிக்கையில் ஒரு பங்கு பிறந்த புலிகள், ஒரு பங்கு முன்பே இருந்து இப்போது படத்தில் விழுந்த புலிகள்.

1900-ஆம் ஆண்டுக்கு எண்ணிக்கை என்று ஒன்று எந்தக் கோப்பிலும் இருக்காது, யாரும் எண்ணவில்லை. அந்தக் கால அறிக்கைகளில் இருப்பது கொன்ற புலி, சிறுத்தைக்குக் கொடுத்த வெகுமதித் தொகையும், விலங்கால் இறந்த ஆட்கள், மாடுகளின் எண்ணிக்கையும். ஒரு மாவட்டத்தில் வெகுமதி குறைந்தால் புலி குறைந்தது என்று பொருளில்லை. தொகையைக் குறைத்திருக்கலாம், தோலைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி நிபந்தனை போட்டிருக்கலாம். செந்நாயை ஒழிக்க வேண்டிய தொல்லை விலங்குகளின் வரிசையில் வைத்துக் கொன்ற காலம் 1972 வரை நீண்டது. இந்த அட்டவணைகளை விலங்குத் தொகையாகப் படிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

யானைக் கணக்கும் இப்படியே கவனமாகப் படிக்க வேண்டியது. மாநில அறிக்கைகளில் 2023-ல் 2,961, 2024-ல் 3,063. பக்கத்து மாநிலங்களோடு ஒரே நாளில் எண்ணுகிறார்கள். முதல் நாள் சிறு பிளாக்குகளில் நேரில் எண்ணுவது. அடுத்த நாள் நேர்க்கோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்து சாணக் குவியல் எண்ணுவது. மூன்றாம் நாள் நீர்நிலையருகே காத்திருந்து ஆண், பெண், வயது பிரிப்பது.

சாணக் கணக்கு எங்கே பிசகும் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,600 குவியல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குவியல் மட்கிப்போக 100 நாள். ஒரு யானை நாளொன்றுக்குப் போடுவது 16.33 முறை, முதுமலை ஆய்விலிருந்து எடுத்த இந்த எண்ணே பரவலாகப் பயன்படுகிறது. 1,600-ஐ 100-ஆல் வகுத்து, வந்ததை 16.33-ஆல் வகுத்தால் 0.98 யானை. அந்த ஆண்டு மழை முன்னதாக வந்து குவியல் 80 நாளிலேயே மட்கியிருந்தால் விடை 1.22. காட்டில் யானை ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. மட்கும் நாளைப் பழைய ஆண்டிலிருந்து எடுத்துப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு பிசகு. அதனால் அறிக்கையைப் படிக்கும்போது கடைசி எண்ணுக்குப் போவதற்கு முன், மட்கும் வேகத்தை அதே பருவத்தில் அளந்தார்களா என்று முறைப் பகுதியில் பாருங்கள்.

கேள்வி: வளர்ப்பு யானை முகாம்களில் ஒவ்வொரு யானைக்கும் வயது சொல்கிறார்களே, அது எந்த அளவுக்கு நிஜம்?
— மாணவி, பொள்ளாச்சி

முகாமிலேயே பிறந்த யானை என்றால் நிஜம். தாய் பெயர், பிறந்த நாள், இடம் பதிவேட்டில் இருக்கும். பிடித்து வந்த யானைக்கு இருப்பது மதிப்பீடு. குழியில் விழவைத்துப் பிடித்த காலத்தில் தோள் உயரத்தை அளந்து ‘சுமார் எட்டு வயது’ என்று எழுதிவிடுவார்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதோடு ஒன்று கூட்டிக்கொண்டே வருவார்கள். குட்டிக்கு இது பெரிய பிழை தராது. வளர்ச்சி நின்றுவிட்ட யானைக்கு உயரத்தை வைத்து வயது சொல்ல முடியாது, முப்பதும் ஐம்பதும் ஒரே உயரம். உயரத்தையே சிலசமயம் முன்னங்கால் சுற்றளவை இரட்டித்துக் கணக்கிட்டிருப்பார்கள். யானை அந்தக் காலில் முழு எடையைப் போட்டு நின்றதா என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

ஆனால் மற்றபடி இந்தப் பதிவேடுகள் துறையின் மிக அருமையான விலங்கு ஆவணம். மரம் இழுக்கும் யானை அரசு உடைமை என்பதால் அதன் பிறப்பு, ஈற்று, நோய், மதக்காலம், மாவுத்தன் பெயர், காவடி (மாவுத்தனின் உதவியாளர்) பெயர், தீவனம், சாவு என்று விடாமல் எழுதினார்கள். யானைகளின் பிறப்பு, இறப்பு விகிதத்தை ஆராய்ந்தவர்களுக்குக் கைகொடுத்தவை இவை. வருவாய்க் கணக்குக்காக எழுதியது உயிரியலுக்குப் பயன்பட்டது. நீங்கள் படிக்கும்போது ‘பிடித்த’ யானைகளையும் ‘பிறந்த’ யானைகளையும் தனித்தனித் தாளில் பிரித்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: வேடந்தாங்கலுக்கு 1798 என்கிறார்கள். அப்போது வனத்துறையே இல்லையே?
— வாசகர், செங்கல்பட்டு

இல்லைதான். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் ஊராருக்குக் கொடுத்தது கவுல். ஏரிப் பறவைகளைச் சுட யாரையும் விடாமலிருக்க ஊரார் கேட்டு வாங்கிய வாக்குறுதி. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே முதல் பாதுகாவலர் ஊர். அரசு சாட்சிக் கையெழுத்துப் போட்டது. இப்போதைய சட்டப்படியான சரணாலய அறிவிக்கை 1998-ல் வந்தது. ஏரி சுமார் 30 எக்டேர்தான். அறிவிக்கை ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை போகிறது. 2020-ல் அதை மூன்றாகக் குறைக்கும் முன்மொழிவு கிளம்பியபோது எழுந்த எதிர்ப்புக்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டக் காடுகள் பற்றி எழும்பூரில் 1900-ஐச் சேர்ந்த ஒரு கோப்பும் அகப்படவில்லை. எங்கே தேடுவது?
— ஆய்வு மாணவர், நாகர்கோவில்

திருவனந்தபுரத்தில். 1956 நவம்பர் 1 வரை அந்தக் காடுகள் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தவை. செங்கோட்டைக்கும் இதுவே பதில். அங்கே நடப்பில் இருந்தது 1882 சட்டமல்ல, திருவிதாங்கூரின் 1893 வன ரெகுலேஷன். கேரள மாநில ஆவணக்காப்பகத்தில் கேளுங்கள். காகிதங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், ஆண்டு ஆவணியில் தொடங்குவதால் தொடக்க மாதங்களுக்கு 824. அந்த ரெகுலேஷனே ‘1068-ன் 2’ என்றுதான் குறிப்பிடப்படும்.

இதே மறுபக்கமும் உண்டு. கொள்ளேகால் காடுகள் 1956 வரை கோவை மாவட்டம். அவற்றின் சென்னை மாகாணக் காலக் கோப்புகளைக் கர்நாடகத்து ஆய்வாளர்கள் எழும்பூருக்கு வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னை மாகாண வருவாய்க் காகிதங்களில் பசலி ஆண்டு வந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1291 என்றால் 1881 ஜூலை முதல் 1882 ஜூன் வரை. வன ஆண்டறிக்கைகளின் ஆண்டும் ஒரே சீராக இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூன் 30-ல் முடிந்தது, பின்னர் மார்ச் 31-க்குப் போனது. இரண்டு ஆண்டுகளின் வருமானத்தை ஒப்பிடுமுன் முகப்புத் தாளில் எத்தனை மாதத்துக் கணக்கு என்று பாருங்கள். அணா, பைசாவுக்கு முந்தைய பை கணக்கில் 12 பை ஓரணா, 16 அணா ஒரு ரூபாய்; சதுர மைல் 640 ஏக்கர், அதாவது 2.59 சதுர கிலோமீட்டர்.